அமைச்சர் சொன்ன கோழிக் கதை

இந்த ஈஸ்டருக்கு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், பி படிக்கட்டுக்காரர்களான எங்களுக்குள், ஒரு தட்டு காலியாகத் திரும்பி வந்தது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரண்டாம் மாடி ப்ரொஃபிரா அத்தை வருடா வருடம் நாலாம் மாடி ஸெனோவியா டீச்சருக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டையும் பாலாடைக்கட்டி வைத்த ஈஸ்டர் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுப்பார். தட்டு கீழே வரும்போது அதில் ஏதாவது இருக்கும். நாலு வால்நட், ஓர் எலுமிச்சம்பழம், வீட்டில் ஒன்றுமே இல்லாத வருடங்களில் ஒரு பிடி சர்க்கரை. காலித் தட்டைத் திருப்பித் தருபவர்கள் எங்கள் ஹூஷி ஊரில் கிடையாது. இந்த முறை அத்தை தட்டைக் கதவருகே வைத்து, மணியை அடித்துவிட்டு ஓடி வந்துவிட்டார். எண்பது வயதில் ஓட்டம்! மறுநாள் தட்டு கழுவித் துடைத்து, துணிப்பையில் அத்தையின் கதவுப்பிடியில் தொங்கியது. உள்ளே ஒரு வால்நட் ஓடு கூட இல்லை. பையைத் திறந்து பார்த்தாயா என்று கேட்காதீர்கள். மாடியில் பல்பு எரிகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன்.

எல்லாம் அத்தையின் மகன் டி.வி.யில் பேசியதால் வந்தது.

மகன் என்றால் அவ்ரெல் ஹுர்மூஸ். எங்களுக்கு ரேலு. பள்ளியில் எனக்குப் பின்பெஞ்சு. யாஷ் நகருக்குப் படிக்கப் போனான், அங்கேயே விரிவுரையாளர் ஆனான், பிறகு பேராசிரியர். பாடம் கல்வி மேலாண்மை. அது என்ன பாடம் என்று எங்கள் படிக்கட்டில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் துணிச்சல் இல்லை. பேராசிரியர் டீன் ஆனார். டீன் ஒரு கட்சியில் சேர்ந்தார். அந்தக் கட்சி மூழ்கும் நேரம் பார்த்துக் கால் நனையாமல் அடுத்த கட்சிக்குத் தாண்டினார். செனட்டர் ஆனார். போன இலையுதிர் காலத்தில் கல்வி அமைச்சரே ஆகிவிட்டார். எங்கள் வாயில் 'அவன்' போய் 'அவர்' ஆனது அப்போதுதான். அத்தை வீட்டுக் குழாய் ஒழுகினால் நகராட்சி ஆள் அன்றே வந்தான். சந்தையில் நானும், 'அமைச்சர் என் பின்பெஞ்சு' என்று சொல்லி நல்ல தக்காளியாகப் பொறுக்கிக்கொண்டேன்.

அமைச்சர் ஆனதும் முதல் வேலையாக, ஆசிரியர்கள் பெற்றோரிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்று ஆணை போட்டார். நல்ல ஆணைதான். டி.வி.க்குக் கூப்பிட்டார்கள். நடத்துகிறவர், "பூ கூடவா வாங்கக் கூடாது, அமைச்சரே?" என்று கேட்டார். நம் ஆளுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பூவா? எங்க ஊர்ல கணக்கு டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க. நாலு மார்க்க அஞ்சாக்கணும்னா ஒரு கோழி. உயிரோட! ஒரு அம்மா மாடிப்படில தூக்கிட்டுப் போறாங்க, பைக்குள்ள கோழி கத்துது, மொத்தக் கட்டடமும் கதவத் தொறந்து பாக்குது!"

கோழி கத்தியதையும் நடித்துக் காட்டினார். நடத்துகிறவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாடு சிரித்தது. எங்கள் படிக்கட்டு சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கோழியை எங்களுக்குத் தெரியும். நாங்கள் அப்போது பதினோராம் வகுப்பு. கடையில் இறைச்சி என்று பன்றிக் குளம்பு மட்டும் தொங்கிய பஞ்ச காலம் அது. ரேலுவுக்குக் கணக்கில் பத்துக்கு நாலு. ஐந்து இல்லையென்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம். அத்தை கிராமத்து அண்ணனிடம் கெஞ்சி ஒரு கோழி வாங்கி வந்தார். கணக்கு டீச்சர் நம் ஸெனோவியா டீச்சர்தான். அவர் குழந்தைக்கு அப்போது நெஞ்சுச்சளி, சூப்புக்கு ஓர் எலும்பு கிடைக்கவில்லை. அத்தை முன்னால் ஏறினார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஏறியது யார்? ரேலுவேதான். அன்று மாலை படிக்கட்டு முழுக்க சூப்பு வாசனை. ரேலுவுக்கு ஐந்து. டீச்சர் அதற்குப் பிறகும் வாங்கினாரா என்றால், காப்பிப் பொட்டலம் எல்லோரும் வாங்கினார்கள். காப்பி வேறு, கோழி வேறு. கோழி கத்தும்.

டி.வி.க்குப் பிறகு டீச்சர் வாசல் பெஞ்சுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கடைக்குக் கூடக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனார். சந்தையில் ஒரு வீணாய்ப்போனவன் அவரைப் பார்த்துக் கொக்கரித்தானாம். அத்தையோ மகனின் ஃபோனை எடுப்பதில்லை. "நாலு பேர் சிரிக்கறதுக்கு என்னையும் அந்தம்மாவையும் வித்துட்டான், வேத்தா" என்றார் என்னிடம். "யாரோ ஒரு அம்மாவாமே. யாரோவா நானு?" இரண்டு கிழவிகளும் நாற்பது வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள். இப்போது ஒருவர் காலடி கேட்டால் மற்றவர் கதவுக்குள்ளேயே நின்றுவிடுவார். அந்தக் காலித் தட்டு சொன்னதும் அதைத்தான்.

மே மாதம் அரசு கவிழ்ந்தது. எங்கள் அரசுகள் அப்படித்தான், இலை உதிரும்போது வரும், பூ உதிரும்போது போகும். அமைச்சர் மறுபடி ரேலு ஆனார். ஜூனில் எங்கள் வகுப்பின் நாற்பதாம் ஆண்டுச் சந்திப்பு. எல்லோரும் பழைய வகுப்பறையில், பழைய பெஞ்சில் உட்கார வேண்டும். வகுப்பாசிரியை பெயர் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் எழுந்து 'உள்ளேன்' என்று சொல்லி, இத்தனை வருடத்தில் என்ன ஆனார் என்று சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பாசிரியை ஸெனோவியா டீச்சர்தான். அழைக்கப் போனவள் நான்.

கதவைச் சங்கிலி போட்டுத் திறந்தார். "நான் வரலடி. அவன் வருவான்ல?"

"வருவான் டீச்சர். நீங்க வரலைன்னா, அவன் சொன்னதுக்குப் பயந்துதான் வரலைன்னு ஊரே சொல்லும்."

"ஊருன்னா நீதானே?"

"என்னையும் சேத்துத்தான் டீச்சர்."

சங்கிலி கழன்றது. உள்ளே கூப்பிடவில்லை, ஆனால் சந்திப்புக்கு வந்தார்.

நான் முதல் பெயர். "அபெத்ரெய் எலிசபெத்தா!" எழுந்தேன். "உள்ளேன் டீச்சர். ரொட்டி ஆலையில இருந்து ஓய்வு. இப்ப பி படிக்கட்டைப் பாத்துக்கறேன்." பின்னாலிருந்து ஒரு குரல்: "படிக்கட்டையா, படியேறறவங்களையா?" எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒருவன் ஸ்பெயினில் லாரி ஓட்டுகிறான். ஒருத்தி இத்தாலியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டுகிறாள், அவரை இரண்டு வாரம் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். செத்துப்போன ஒருவன் பெயருக்கு எல்லோரும் எழுந்து நின்றோம்.

"ஹுர்மூஸ் அவ்ரெல்."

எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். நான் திரும்பியே உட்கார்ந்துவிட்டேன். இப்போது சொல்வார், இரண்டு வார்த்தை போதும், 'மன்னிச்சுக்கங்க டீச்சர்' என்றால் முடிந்தது.

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே, அன்பு நண்பர்களே. என் கல்விப் பயணம் இந்த அறையில் தொடங்கியது..." முனைவர் பட்டம் வந்தது, டீன் பதவி வந்தது, செனட் வந்தது, ஐரோப்பிய ஆணையம் வந்தது. கோழி மட்டும் வரவில்லை. பேசும்போது டீச்சரின் தலைக்கு மேலே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உக்காருப்பா" என்றார் டீச்சர்.

கடைசிப் பெயரும் முடிந்தது. அப்போது எங்கள் வகுப்புத் தலைவன், விளையாட்டாகத்தான், டீச்சரின் பெயரையே உரக்கக் கூப்பிட்டான். டீச்சர் மேசையைப் பிடித்து எழுந்தார்.

"உள்ளேன். முப்பத்தெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக் குடுத்தேன். ஒரு கோழி வாங்கினேன். டி.வி.ல கேட்டிருப்பீங்க, அது நெசம். நாலை அஞ்சாக்கினேன். யார் குடுத்தாங்கன்னு கேக்காதீங்க. வீடு தேடி வந்து அழுத ஒரு தாயோட பேர சந்தி சிரிக்க வைக்கற பழக்கம் எனக்கு இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கோழி வாங்கினது எனக்கு வெக்கம். ஆனா பெரிய தப்பு அது இல்ல, அஞ்சு போட்டதுதான். அந்தப் பையன் இன்னொரு வருஷம் உக்காந்திருந்தா ஏதாவது கத்துக்கிட்டிருப்பான்."

யாரோ பழக்க தோஷத்தில் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்கள். மற்ற எல்லோரும் ஜன்னலையும் கூரையையும் பார்த்தார்கள், ஒரே ஒரு பெஞ்சை மட்டும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்தப் பெஞ்சில் ரேலு மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. காது சிவந்திருந்தது. கரும்பலகை முன்னால் கணக்கு வராமல் நிற்கும்போது வரும் அதே சிவப்பு.

பிறகு உணவகம், பாட்டு, ஒயின். டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் உணவகத்துக் கழிப்பறையிலிருந்து அத்தைக்கு ஃபோன் செய்தேன். பின்னே, யாராவது சொல்ல வேண்டாமா?

"என் பேரச் சொன்னாங்களா?" என்றார் அத்தை.

"சொல்லல அத்தே."

"அவன் பேர?"

"அதையும் சொல்லல."

"இவன் எந்திரிச்சானா?"

"இல்ல அத்தே."

ஃபோன் வைக்கப்பட்டது.

ரேலு சாப்பிடாமலே கிளம்புவதைப் பார்த்தேன். எனக்கும் செருப்பு கடித்தது, மாற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தேன். கதவைச் சாத்துவதற்குள் இரண்டாம் மாடியில் அத்தையின் குரல் கேட்டது. படிக்கட்டில் குரல் நன்றாக இறங்கும்.

"உள்ள வராத. இந்தா, இதப் பிடி."

"என்னம்மா இது?"

"முட்டைக்கோஸ் இலைல சுத்தின இறைச்சி. காலைல இருந்து உனக்காகச் செஞ்சேன். மேல கொண்டு போய்க் குடு."

"நாளைக்குக் குடுக்கறேம்மா. எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்டா. அன்னைக்கும் பாத்தாங்க. அன்னைக்கு உன்னப் பை தூக்க வச்சதுக்கு நான் நாப்பது வருஷமாக் குறுகிக் கெடக்கேன். நீ ஒரு தட்டு தூக்க மாட்டியா?"

ஏறும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியாக. மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறந்தது, மூடவில்லை. எதிர் வீட்டிலும் திறந்தது. நான் இரண்டாம் மாடி வரை போயிருந்தேன், பல்பு விஷயமாக. அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றார். என்னைத் திட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மேலே மணி அடித்தது. சங்கிலிச் சத்தம். ரேலு தொண்டையைச் செருமினார், மறுபடியும் செருமினார். டி.வி.யில் மூச்சு விடாமல் பேசிய மனிதர்.

"பையத் தூக்கிட்டு வந்தது நான்தான் டீச்சர்" என்றது கடைசியில் ஒரு குரல். அமைச்சர் குரலே இல்லை அது.

"தெரியும். நான்தானே உன் கைல இருந்து வாங்கினேன்." தட்டு கை மாறியது. "சூடா இருக்கு. அம்மாவுக்கு நன்றின்னு சொல்லு. நீ போகலாம்."

கதவு மூடிக்கொண்டது. அவர் இறங்கி வந்தார். அம்மாவின் முன்னால் ஒரு நொடி நின்றார். அத்தை, "சாப்பிட்டியா?" என்றார். அவர் இல்லையென்று தலையாட்டினார். அத்தை உள்ளே போனார், கதவைத் திறந்தே வைத்துவிட்டு. ஆனால் ரேலு உள்ளே போகவில்லை. என்னைக் கடந்து, திறந்திருந்த மற்ற கதவுகளையும் கடந்து, தரையைப் பார்த்தபடியே காருக்குப் போனார்.

மறுநாள் அத்தையின் கதவுப்பிடியில் துணிப்பை தொங்கியது. தட்டில் செர்ரிப் பழங்கள், ஈரத்தோடு. நான் எண்ணவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் எடுத்தேன், புளிப்பா என்று பார்க்க. இனிப்புதான்.

மாலையில் இரண்டு கிழவிகளும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தார்கள். ரேலுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.