முகம் தெளிந்த பிறகு

செவந்தியின் முகத்தில் பரு பழுத்துச் சீழ் கோத்து நின்ற நாட்களில், வல்லத்திராக்கோட்டையில் அதற்காக வருத்தப்படாத ஒரே ஆள் செவந்திதான். கன்னம் இரண்டும் தொட முடியாமல் வலிக்கும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. ஆனாலும் காலையில் எழுந்ததும் விரலால் தடவிப் பார்த்து, புதிதாக ஒன்று கிளம்பியிருந்தால் அவள் மனசு கொஞ்சம் ஆறுதலாகும்.

மணமேல்குடிப் பக்கம் ராக்கனுக்கு வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா அமிர்தவல்லி, போன மாசியில் கைப்பிள்ளையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போனாள். பிள்ளையைப் பார்க்கச் சித்தியை விட்டால் யார்? கருமாதி வீட்டிலேயே பெரியவர்கள் பேசி முடித்தார்கள், செவந்தியை ராக்கனுக்கே கட்டிக் கொடுப்பதென்று. அவள் அப்பா மலையாண்டி சரியென்று வெற்றிலையை எடுத்துவிட்டார். அவளை யாரும் கேட்கவில்லை.

அக்கா கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது, கண்மாயில் துணி அலசிக்கொண்டே சொன்னது செவந்தி காதிலேயே நின்றது.

"மச்சான் வயலுக்குப் போறப்ப கதவ வெளிப்பக்கமாப் பூட்டிட்டுப் போறாருடி. பொழுது சாயத்தான் தெறப்பாரு. உள்ள தண்ணி தீந்தா தீந்ததுதான்."

"அடிக்கிறாரா?"

"ச்சே, கைய நீட்டமாட்டாரு. ஊருல எல்லாரும் அவர நல்லவருன்னுதான் சொல்றாக."

கல்யாணத்தை உடனே முடிக்க முடியாமல் போனதற்கு இந்தப் பருதான் காரணம். ராக்கனின் ஆத்தா வந்து பார்த்து முகம் சுளித்தாள். "இது என்ன சீக்கோ? பச்சப்புள்ளய இந்த மூஞ்சியோட எப்புடி அணைச்சுக்கிறது? தெளியட்டும், பாப்போம்" என்று போய்விட்டாள்.

பருவைக் காப்பாற்றி வைக்கும் வழி செவந்திக்குப் பட்டறிவில் பிடிபட்டது. வயிறு மந்தித்து வெளிக்குப் போகாமல் கிடந்தால் முகம் கனன்று எழும். காலையில் பழையசோற்று நீச்சுத்தண்ணி குடித்து வயிறு இளகிவிட்டால் முகமும் அடங்கும். அதனால் ஆத்தா அழகம்மாள் கொடுக்கும் நீச்சுத்தண்ணியை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். அடுக்குப் பானையிலிருந்து வெல்லத்தையும் பொரிவிளங்காய் உருண்டையையும் எடுத்துத் தின்றாள். வயிறு கல்லாகக் கனத்தது. பொறுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் மலையாண்டி அவளைக் கரி பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். ஜெர்மன் சண்டைக்காலம், பெட்ரோல் கிடையாது, கரி எரித்துத்தான் பஸ் ஓடியது. ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். டாக்டர் மரியசெல்வம் மதராசில் படித்துவிட்டு வந்த இளவயதுக்காரர். நாக்கை நீட்டச் சொன்னார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு மலையாண்டியிடம் பேசினார்.

"மூஞ்சிக்கு மட்டும் களிம்பு போட்டுப் பிரயோசனம் இல்லங்க. கொடலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல குடியிருக்கு. நமக்கு ஒத்தாசையா இருக்கறதும் உண்டு, கெடுதல் பண்றதும் உண்டு. கொடல் கெட்டா அது தோல்ல தெரியலாம்னு அமெரிக்காவுல ரெண்டு டாக்டருங்க எழுதியிருக்காங்க. இன்னும் முடிஞ்ச முடிவுன்னு சொல்ல முடியாது. அவங்க புளிச்ச பால் மாதிரி ஒண்ணக் குடுத்துப் பாக்கறாங்க. நமக்குத்தான் மோர் இருக்கே, நீச்சுத்தண்ணி இருக்கே. காலையிலயும் சாயங்காலமும் விடாமக் குடுங்க. இனிப்பு ஆகாது."

 தனக்கு மட்டும்தான் தெரியும் என்று செவந்தி நினைத்திருந்ததை இந்த மனுசர் அப்பாவிடமே சொல்லிவிட்டாரே.

மலையாண்டி மருந்து வாங்கக் கம்பவுண்டரிடம் போனார். அவள் சட்டென்று கேட்டாள்.

"டாக்டரய்யா, இது ஆறாம இருக்க என்னங்க செய்யணும்?"

"ஆறிரும்மா, பயப்படாத."

"ஆறக் கூடாதுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மலையாண்டி மருந்து பாட்டிலோடு வந்து நின்றார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், என்னவோ சொல்ல வந்தார். "மோர் நல்லாப் புளிச்சிருக்கணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அதன்பிறகு வீட்டில் ஒளிவிடமே இல்லாமல் போனது. அழகம்மாள் சொம்பைக் கையில் கொடுத்து, கடைசி மடக்கு தொண்டையில் இறங்கும்வரை எதிரிலேயே நிற்பாள். வெல்லப் பானை உத்தரத்துக்கு ஏறிவிட்டது. மாட்டுத் தொட்டிப் பக்கம் போனால், "அங்கிட்டு என்னடி வேல?" என்று குரல் வரும். வயிறு லேசானது, பசி எடுத்தது, முகத்தில் வீக்கம் வடிந்தது. தன் உடம்பே அவர்களோடு சேர்ந்துகொண்டு தன்னை ராக்கன் வீட்டுக்குத் தள்ளுவது போல அவளுக்கு இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும், "பொண்ணு தெளிஞ்சிருச்சே" என்று சந்தோசப்பட்டார்கள்.

அறுப்பு முடிந்து ராக்கனும் அவன் ஆத்தாவும் வந்தார்கள். கிழவி செவந்தியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "தழும்பு இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். தையிலேயே வச்சிருவோம்" என்றாள்.

அப்போதுதான் செவந்தி வாய் திறந்தாள். "மச்சான், அக்கா காச்சல்ல கெடந்தப்ப கதவு பூட்டியிருந்துச்சா?"

"ஏத்தா, பெரியவுக பேசுறப்ப நீ என்ன..." என்று மலையாண்டி அதட்டினார்.

ராக்கன் கோபப்படவில்லை. "பூட்டித்தான் இருந்துச்சு. நான் இல்லாதப்ப எப்பவும் பூட்டித்தான் இருக்கும்" என்றான்.

வெற்றிலைத் தட்டோடு வந்த அழகம்மாள் அப்படியே நின்றாள். "எம்மக தண்ணி கேட்டாளா, மாப்ள?"

"நான் வயல்ல இருந்தேன். எனக்கு எப்புடித் தெரியும்?"

 அழகம்மாள் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "பேத்திய இங்க அனுப்புங்க, நாங்க வளத்துக்கறோம். பொண்ணு குடுக்கறதா இல்ல" என்றாள். மலையாண்டி பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

வந்தவர்கள் எழுந்து போனார்கள். பிள்ளையைத் தரவில்லை.

வாய்நீண்ட பெண் என்று பேர் பரவி, செவந்தியைக் கேட்டு வேறு யாரும் வரவில்லை. வைகாசியில் ராக்கனுக்குக் கட்டுமாவடிப் பக்கத்திலிருந்து பெண் எடுத்துவிட்டதாகச் சேதி வந்தது. மருதாயி என்று பெயராம், ரொம்பச் சின்ன வயசாம்.

"அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் சொன்னாகளா?" என்று கேட்டாள் செவந்தி.

அழகம்மாள் உலையில் அரிசியைப் போட்டாள்.

செவந்தி அப்பாவிடம் போனாள். "என்னய கட்டுமாவடிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கய்யா. அந்தப் புள்ளயோட ஆத்தா அப்பனப் பாத்துட்டு வந்துருவோம்."

"கல்யாணம் முடிஞ்சிருச்சுத்தா" என்றார் மலையாண்டி. "இனிமே போயி என்னன்னு சொல்றது?"

அவள் வாசலில் நின்று, அறந்தாங்கி வழியாக மணமேல்குடிக்குப் போகிற பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக அனுப்ப மாட்டார்கள். போனாலும் ராக்கன் வீட்டுக் கதவு பகலில் திறந்திருக்காது.