அப்பாவின் கைகளை வெட்டிய தம்பி

என் தம்பி டோர்னி முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஸ்டாக்ஹோமில் விளம்பரப் படங்களுக்கு மெருகேற்றுவது அவன் தொழில். வாடிப்போன கீரையைக்கூட அவன் கணினியில் போட்டு எடுத்தால் இப்போதுதான் பறித்தது போல இருக்கும். அவ்வளவு தெரிந்தவன்தான் அப்பாவின் கைகளை வெட்டி எறிந்தான்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் காது கேட்காது. டோர்னிக்கு மட்டும் கேட்கும். எங்களுக்குக் கைதான் வாய். 'சொன்னாள்' என்று நான் எழுதினால் கையால் சொன்னாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டோர்னிக்கு எங்கள் பேச்சு தெரியாது. காபி, நன்றி, மன்னிப்பு, போய்வருகிறேன், இந்த நாலைத் தாண்டி அவன் கைக்கு எதுவும் வராது. மற்றதெல்லாம் வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடுவான், நாங்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெற்றவர்களின் பேச்சைக் கற்க வெட்கப்பட்டவன் என்றுதான் நான் அவனை நினைத்திருந்தேன்.

அப்பா எவர்ட் சாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், எங்கள் காது கேளாதோர் மன்றத்தின் வீடியோ காமிராவை இரவல் வாங்கி, சமையலறை மேசைக்கு எதிரே நிறுத்தி, அம்மாவுக்காகப் பேசிப் பதிந்து வைத்தார். எங்கள் ஆட்கள் கடிதம் எழுதுவது அபூர்வம். எழுத்து பள்ளிக்கூடத்தில் எங்கள் தொண்டைக்குள் திணிக்கப்பட்டது. மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் வீடியோ கேசட்டில் பேசித் தபாலில் அனுப்புவோம்.

அப்பாவை அடக்கம் செய்த வாரம் அம்மா அதைப் போட்டுப் பார்த்தாள். படகை விற்றுவிடு, நிலவறைக் குழாய் பனியில் உறையாமல் பார்த்துக்கொள், மன்றத்துக் கணக்கை ரூனே கையில் கொடுத்துவிடாதே என்று அப்பா வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் "இன்னொரு விஷயம், எல்சி" என்றார். அந்த இடத்தில் வீடியோ கருவி நாடாவைக் கடித்துவிட்டது. உருவி எடுத்தபோது கசங்கிச் சுருண்டிருந்தது. அதற்குப் பிறகு எப்போது போட்டாலும் அந்த வரியோடு படம் கிழியும். வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடும், அப்பா கோணல்மாணலாக நெளிவார், கை எது மேசை எது என்று தெரியாது. பதினேழு வருஷமாக அம்மாவுக்கு அந்த இன்னொரு விஷயம் என்னவென்று தெரியாது. கேசட்டைப் போடுவாள், அந்த இடம் வந்ததும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள், பிறகு அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

போன இலையுதிர் காலத்தில் டோர்னி, நான் சரிசெய்து டிவிடியாகப் போட்டுத் தருகிறேன் என்று கேசட்டை வாங்கிப் போனான். வேலையில் குறை சொல்ல முடியாது. நாடாவைப் புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றினான், ஒவ்வொரு கருவியாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தான், நெளிகிற வரிகளை நேராக்கித் தருகிற ஒரு பெட்டியை வாடகைக்கு எடுத்தான். கசங்கிய இடமும் வந்துவிட்டது என்று குறுஞ்செய்தி அனுப்பினான். அம்மா அதை என்னிடம் இரண்டு தடவை காட்டினாள்.

பிப்ரவரியில் அம்மாவின் பிறந்தநாளுக்கு டிவிடியோடு எங்கள் ஊர் எரப்ரூவுக்கு வந்தான். மன்றத்துக் கிழங்களெல்லாம் வந்திருந்தார்கள். செம்லா பன்னின் க்ரீமை மீசையில் அப்பிக்கொண்டு ரூனே முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மா நீல உடுப்பு போட்டுக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் பகுதி பளிச்சென்று இருந்தது, ஆனால் விரல்கள் ஏனோ மசமசவென்று தெரிந்தன. "எவர்ட் என்னப்பா, கையுறை போட்டுக்கிட்டுப் பேசுறான்?" என்றார் ரூனே. நான் டிவியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன். பெட்டி அதிர்ந்தது. பாட்டு சேர்த்திருக்கிறான். காது கேளாதவர் பேசிய பேச்சுக்கு, காது கேளாதவர்கள் பார்ப்பதற்கு, பின்னணி இசை.

பிறகு அந்த இடம் வந்தது. அப்பாவின் முகம் திரை முழுக்க நின்றது. சுருக்கம் சுருக்கமாக, கண்ணின் ஈரம்வரை தெரிந்தது. கோடு இல்லை, நெளிவு இல்லை, கைகளும் இல்லை. தாடைக்குக் கீழே திரை முடிந்துவிட்டது. அப்பாவின் தோள்கள் அசைகின்றன, புருவம் ஏறி இறங்குகிறது, என்னமோ சொல்லிக்கொண்டே இருக்கிறார். நடுவில் மூன்று தடவை மட்டும் வலது கை மேலே வந்து, இரண்டு விரலால் காதுமடலைச் சுண்டிவிட்டுக் கீழே போனது. அவ்வளவுதான். படம் முடிந்தது. யாரும் கைகளை உயர்த்தி ஆட்டவில்லை. எங்கள் மன்றத்தில் மழலை மேடையேறி உளறினால்கூட கைகளை ஆட்டிப் பாராட்டாமல் விடமாட்டோம்.

டோர்னி சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தான். நான் அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, கை எங்கே என்று கேட்டேன். அவனுக்குப் புரிந்ததும் வாயசைத்தான். "கோடெல்லாம் கீழ்ப்பக்கந்தான் இருந்துச்சுக்கா. எவ்வளவோ பார்த்தேன், போகல. அதனால கீழ்ப்பாதிய எடுத்துட்டு மொகத்தப் பெருசாக்கிட்டேன். மொகம் எவ்வளவு நல்லா வந்திருக்கு பாரு."

அம்மா என்னை ஒதுக்கிவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். தன் காதுமடலை இரண்டு விரலால் சுண்டிக் காட்டினாள். அவன் தலையாட்டி, "ஆமாம்மா, அப்பா மூணு தடவ காதச் சொறிஞ்சாரு. அத எடுத்தா மொகம் வெட்டுப்படும், அதான் விட்டுட்டேன்" என்றான்.

எங்களில் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. அம்மாவுக்குக் கன்னத்துக் குழி, எனக்கு நெற்றி முடி. காதுமடலைச் சுண்டினால் டோர்னி. அவன் பிறந்த அன்று அப்பா வைத்த பெயர். ஐம்பது வயதுக்காரனுக்குத் தன் பெயர் தெரியவில்லை. சொறிந்தாராம்.

நான் தரையில் ஓங்கி மிதித்தேன். காலடி அதிர்ந்து எல்லாரும் திரும்பினார்கள். காற்றில் கேசட்டின் வடிவத்தை வரைந்து, அதைக் கொடு என்று கை நீட்டினேன். அவன் தரையைப் பார்த்தான். பூஞ்சை பிடித்திருந்ததாம், இனி வேண்டாம் என்று மறுசுழற்சி நிலையத்தில் பிளாஸ்டிக்குக்குத் தனி, அட்டைக்குத் தனி என்று ஒழுங்காகப் பிரித்துப் போட்டுவிட்டானாம். அவனை அடித்திருப்பேன். ரூனே என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் டோர்னி, வெட்டாத மூலப் பதிவு மடிக்கணினியில் இருக்கிறது, அழிக்க நேரமில்லாமல் கிடக்கிறது என்றான். அவன் சோம்பேறித்தனத்துக்கு அன்றுதான் நன்றி சொன்னேன், மனசுக்குள்.

விருந்தாளிகளை அனுப்பிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தோம். கை மொத்தமும் திரையில் வந்தது, கோடுகளோடு. டோர்னி பழக்கதோஷத்தில் உடனே புள்ளிகளை வழித்துத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்கத் துடைக்க விரல்கள் புகையாகின. அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டேன். விரலைப் பார், விரலைப் பார் என்று என் விரலை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினேன். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான். வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒரு வரி விட்டு ஒரு வரியாக இரண்டு பாதிகளாகப் பதியுமாம். முதல் பாதிக்கும் அடுத்த பாதிக்கும் நடுவில் விரல் நகர்ந்துவிடும். பார்க்க வழவழப்பாக இருக்கட்டும் என்று இரண்டையும் கலந்துவிட்டிருக்கிறான். துடைப்பதும் வேகமாக அசைகிற எதையும் அழுக்கு என்று நினைத்து அழிக்குமாம். அழுக்கு! எங்கள் வாய் அவன் இயந்திரத்துக்கு அழுக்கு.

கலந்ததைப் பிரித்தான். துடைப்பை நிறுத்தினான். படம் அசிங்கமாகியது. புள்ளி புள்ளியாக, நடுங்கிக்கொண்டு, குறுக்கே கோடு ஓட. ஆனால் அதில் அப்பாவுக்கு விரல் இருந்தது. மெதுவாக ஓட்டச் சொன்னேன். ஒரு படத்தில் கோடு மறைப்பதை அடுத்த படம் காட்டியது. திரும்பத் திரும்ப ஓட்டி, அம்மாவும் நானும் சொல் சொல்லாகக் கோத்தோம். பிறகு முழுசாக ஒரு தடவை பார்த்தோம். அப்பா பேசினார்.

"இன்னொரு விஷயம், எல்சி. டோர்னி. அவன் பொறந்தப்ப, அவன் முன்னாடி கைய அசைச்சா புள்ளைக்கு வாய்ப்பேச்சு வராதுன்னு பள்ளிக்கூடத்து டீச்சரம்மா சொன்னா. நீ நம்பல. நான்தான் நம்பினேன். ஒன் கையப் பிடிச்சு நிறுத்தினேன். அவன் ரூமுக்குள்ள வந்தா என் கைய பாக்கெட்ல விட்டுக்கிட்டேன். டோர்னி நம்மகிட்ட பேசாமப் போனது அவன் தப்பில்ல. டோர்னிகிட்ட சொல்லு, அப்பன் மன்னிப்புக் கேட்டான்னு."

வருஷத்தில் முக்கால்வாசி நான் பள்ளி விடுதியில் கிடந்தவள். வீட்டில் இது நடந்தது எனக்குத் தெரியாது. அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன சண்ட போட்டேன் தெரியுமா, அய்னா" என்றாள் என்னிடம். "தப்ப ஒத்துக்காமலே போய்ட்டாருன்னு நெனச்சேன். அந்த ஒத்த வரியதான் மிஷினு தின்னிருக்கு."

என்ன சொல்றார், என்ன சொல்றார் என்று டோர்னி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மா அவன் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, அப்பா சொன்னதை அப்படியே கையால் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி, இன்னும் மெதுவாகச் சொன்னாள். புரியவில்லை. அவளுக்கும் கோபம் ஏறி, மூன்றாவது தடவை வெட்டி வெட்டிச் சொன்னாள். எது அவனுக்குக் கொடுக்கப்படவில்லை என்று அப்பா சொன்னாரோ, அது இல்லாததால் அப்பா சொன்னதே அவனுக்கு எட்டவில்லை. தன்னைத் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கேசட்டைத் தூக்கிப் போட்டதற்காக இருக்கும் என்று நினைத்திருப்பான். தனக்குத் தெரிந்த நாலு சைகையில் ஒன்றை எடுத்து அம்மாவுக்கு முன்னால் செய்தான். மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பள்ளியில் காது கேட்கிற டீச்சர்கள் என் குரலைக் கேட்டு நாய் குரைக்கிறது என்று சிரித்தார்கள். அங்கிருந்து வெளியே வந்த நாளிலிருந்து நான் வாய் திறந்து பேசியதில்லை. அன்று பேசினேன். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ கேக்காத. அப்பா கேக்குறாரு. ஒங்கிட்ட" என்று கத்தினேன்.

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் அந்தச் சைகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தான். நாங்கள் நிறுத்திவைத்திருந்த படத்தில், கோடுகளுக்குப் பின்னால் அப்பா காதைச் சுண்டியபடி அப்படியே நின்றிருந்தார். டோர்னியின் கை மெல்ல மேலே போய்த் தன் காதுமடலைத் தொட்டது. எனக்குக் கோபம் குறையவில்லை. இத்தனை வருஷம் அவன் மேல் இருந்த அந்தக் கோபம் போய்ச்சேர வேண்டிய அப்பா செத்துப்போய்விட்டார்.