ஆறாம் வருடத்து வயிறு

ஒற்றைக்கால் செருப்போடு தான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்குள் வந்து நின்றாள் பவளக்கொடி, மற்றது எங்கே கழன்றதென்றே தெரியவில்லை, பின்னால் வந்த தபால்காரர்தான் அதைத் தூக்கி வந்து, மேடம் இது ஒங்களுதா, வாசல் கேட்டுகிட்ட கெடந்துச்சு என்றார், சித்திரை வெயிலில் கொதிக்கும் சிமெண்டுத் தரையை வெறுங்காலோடு கடந்திருக்கிறாள், சுடவே இல்லை, சுடவில்லையே என்று நினைத்தபோதுதான் குனிந்து உள்ளங்காலைக் கிள்ளிப் பார்த்தாள், அதுவும் தெரியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் மதுரையில் அவள் இரைப்பையைக் கைப்பிடியளவுக்குச் சுருக்கிக் குடலை மாற்றி இணைத்தார்கள், நூற்றுப்பதினெட்டு கிலோ எழுபதானது, கோவில்பட்டியே மூக்கில் விரல் வைத்துப் பார்த்தது, முட்டையோ கறியோ பயறோ முதலில், சோறு கடைசியில், மென்று மென்று சாப்பிடணும், சாப்பாட்டோடு தண்ணீர் ஆகாது, இனிப்பும் ஆகாது, சத்து மாத்திரை ஆயுசுக்கும் என்றார்கள், ஆயுசுக்கும் என்றால் எவ்வளவு நாள் என்று அப்போது யார் யோசிக்கிறார்கள், இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தாள், பிறகுதான் ஊர் வாய் தொடங்கியது, பதினொரு மணிக்கு அவித்த முட்டையைப் பிட்டால், கவுண்டருக்கு வெளியே வரிசையில் நிற்பவர், எப்பம் பாத்தாலும் தின்னுகிட்டேதான் இருக்காவ என்பார், வீட்டில் அதே முட்டைக்கு மேல் இறங்காவிட்டால், கணவர் சுடலைமுத்துவின் அக்கா கோமதி, எங்க வீட்டுச் சோறு எறங்கலியாக்கும் என்பாள், தின்றாலும் குற்றம் தின்னாவிட்டாலும் குற்றம், சலித்துப்போய் ரஸ்க்கும் முறுக்கும் கொறிக்கத் தொடங்கினாள், கறிதான் நெஞ்சில் நிற்கும், முறுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும், யார் கண்ணிலும் படாது, ஒன்பது கிலோ ஏறியது, வயித்தக் கிழிச்சும் கூடுதே என்று கோமதி சொன்ன அன்று எடை பார்க்கும் மெஷினைப் பரணில் போட்டாள், மதுரைப் பரிசோதனைக்குப் போவதை விட்டாள், மாத்திரையையும் விட்டாள், நல்லாத்தானே இருக்கோம்.

இப்போது மறுபடி மதுரையில் அன்று ஆபரேஷன் செய்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், எடையைத் திட்டப்போகிறார் என்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்கிறாள், அவரோ ரத்தப் பரிசோதனைத் தாளைவிட்டு நிமிரவில்லை, ஒன்பது கிலோ கூடுறது நெறைய பேருக்கு நடக்குறதும்மா, அதுக்கு வெக்கப்பட்டு மூணு வருஷம் வராம இருந்தீங்க பாருங்க, பி-பன்னெண்டு வைட்டமின் அடிமட்டத்துல கெடக்கு, கால் மரத்தது அதனாலதான் என்றார், சரியாயிருமா டாக்டர், ஊசி போடுவோம், மெல்ல மெல்லத் தேறும், முழுசா திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது, எம்புட்டு நாளைக்குப் போடணும், ஆயுசுக்கும், அந்தச் சொல்லைக் கேட்டதும் எரிச்சலில் கண் நிறைந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நான்காவது ஊசி போட்ட வாரம் கோமதியின் பேத்திக்குக் காதுகுத்து, மண்டபத்தில் கறிவிருந்து, உட்கார்ந்ததும் கோமதி கரண்டி நிறையக் கேசரியோடு வந்தாள், முன்பொரு முறை கோமதி மனசு நோகக்கூடாதென்று பவளக்கொடி ஒரு லட்டைத் தின்றுவிட்டு நெஞ்சு படபடக்க வியர்த்து ஒரு மணி நேரம் சுருண்டு கிடந்திருக்கிறாள், இன்று இலைமேல் கையை விரித்துக்கொண்டாள், வேண்டாம் மதினி, தின்னா விழுந்துருவேன், கறி மட்டும் வைங்க, ஒரு வாய் தின்னா செத்தா போவ என்றாள் கோமதி, பவளக்கொடி கையை எடுக்கவில்லை, கேசரிக் கரண்டி அடுத்த இலைக்குப் போனது.

இலையில் விழுந்த கறியில் ஒரு துண்டை எடுத்து மென்றாள், கூழாகும்வரை மென்றாள், பக்கத்தில் எல்லாரும் ரசத்துக்கு வந்துவிட்டார்கள், இலையை மடிக்கிறார்கள், எழுகிறார்கள், அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று முதுகைப் பார்க்கிறார்கள், இந்தம்மா எந்திரிப்பாவளா மாட்டாவளா என்று யாரோ முணுமுணுக்க, முந்தைய பவளக்கொடி என்றால் பாதியில் இலையை மடித்துவிட்டு வீட்டுக்குப் போய் முறுக்கு டப்பாவைத் திறந்திருப்பாள், இவள் இன்னும் மூன்று துண்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள், மேசைத் தாளைச் சுருட்டிக்கொண்டே வந்த ஆள் அவள் இலைக்கு முன் நின்றான், கை கழுவப் போயிருந்த சுடலைமுத்து ஈரக்கையோடு திரும்பி வந்தார், அக்காவையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார், பிறகு காலியான பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இந்த எலைய விட்டுருப்பா, அவ சாப்புடுதா என்றார்.

தாளை அவள் இலையைச் சுற்றிக் கிழித்துக்கொண்டு போனான், பவளக்கொடி அடுத்த துண்டை எடுத்தாள்.