இருபத்துமூன்றாம் எண் சமையலறை

எதிர்வீட்டு மச்சினி வைத்த பட்டம் தெரு முழுக்க நிலைத்துவிட்டது. 'கையலம்பி வீடு எது?' என்று கேட்டால் தபால்காரர்கூடச் சரியான வாசலைக் காட்டுவார். அவருக்கு அதில் கோபமெல்லாம் இல்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

கையலம்பி பதினெட்டு வருஷமாக ஓர் உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். பாலிலும் கோழிக்கறியிலும் வெட்டி வைத்த பழத்திலும் என்னென்ன கிருமி குடியிருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவர் தொழில். நாள் முழுக்க அதையே பார்த்த கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? ஃபிரிட்ஜ் கதவில் பதினான்கு விதிகளை எழுதி ஒட்டியிருந்தார். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை, ஆறிய சாப்பாடு வெளியே இருக்கலாகாது என்று வரிசையாகப் போகும். முதல் விதி, யார் சமையலறைக்குள் வந்தாலும் குழாயடியில் இருக்கும் பாட்டிலை அழுத்தி, சோப்புத் திரவம் எடுத்து, இருபது விநாடி கை கழுவ வேண்டும். அந்த இருபதையும் அவரே பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணுவார்.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியை. அடுத்தவர் தப்புத்தப்பாக ஓட்டுவதைப் பதறாமல் பார்த்துக்கொண்டிருந்து, கடைசி நொடியில் தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்தே பழகியவள். வீட்டிலும் அதே நிதானம். அவர் எண்ணி முடிக்கும்வரை கையை நுரையோடு நீட்டிக்கொண்டு நிற்பாள். "இறங்கலாமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போவாள்.

மச்சினி அவளுடைய தங்கை. நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். வீட்டில் மூன்று பூனைகள். பாத்திரம் சேர்ந்தால் சேரட்டும், ஒரேயடியாகத் தேய்த்துக்கொள்ளலாம் என்ற கொள்கைக்காரி. அவள் சாப்பிடக் கூப்பிட்டால் கையலம்பி தன் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போய், "எனக்கு வயிறு சரியில்லம்மா" என்பார்.

"எங்க வீட்டு வாசப்படி ஏறினாத்தான் மாமாவுக்கு வயிறு கெடும்" என்பாள் அவள், சிரித்துக்கொண்டே.

இப்படி இருக்கையில் ஆய்வுக்கூடத்தின் தலைவி ஒரு புது ஆராய்ச்சியை ஆரம்பித்தார். கடைகளையும் ஓட்டல்களையும் சோதித்தது போதும், வீடுகளைப் பார்ப்போம் என்றார். நாற்பது வீடுகள். ஒவ்வொரு சமையலறையிலும் குழாய்ப்பிடி, வெட்டும் பலகை, துடைக்கும் துணி, தொட்டி, ஃபிரிட்ஜ் கைப்பிடி என ஐந்து இடங்களில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பது திட்டம்.

கையலம்பி கையைத் தூக்கினார். "மேடம், நல்ல சுத்தமான சமையலறை ஒண்ணும், அதுக்கு நேர்மாறா ஒண்ணும் நமக்குத் தெரிஞ்சதா இருந்தா ஒப்பிட வசதியா இருக்கும்."

"சுத்தமானது யாரோடது?"

"எங்க வீடுதான் மேடம்."

"நேர்மாறு?"

"எதிர்வீடு."

தலைவி புருவத்தை உயர்த்தினாரே தவிர மறுப்புச் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். எந்த எண் எந்த வீடு என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் அவர் மேசையில் இருக்கும். கணக்கெடுப்பு முடிகிறவரை யாரும் பிரிக்கக்கூடாது. தெரிந்தவர் வீடு என்றால் எண்ணுகிற கண்ணும் ஒரு பக்கம் சாயும் என்பது அவர் கட்சி. மாதிரி எடுக்கும் பெண் ஒருத்தி, கையலம்பி அலுவலகத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து இரண்டு வீட்டுக்கும் போய்விட்டு வந்தாள்.

நான்காம் நாள் கிருமி வளர்த்த தட்டுகள் தயாராகிவிட்டன. மூடியிட்ட வட்டத் தட்டுகள், ஐந்தைந்தாக, எண் வாரியாக. பெரும்பாலானவற்றில் வெளிறிய மஞ்சளிலும் வெள்ளையிலும் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. எல்லா வீட்டிலும் இருக்கிற சங்கதிதான். இருபத்துமூன்றாம் எண்ணுக்கு வந்ததும் கையலம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஐந்து தட்டும் ரோஸ் நிறத்தில், கல்யாண வீட்டுச் சுவர் மாதிரிப் பளபளவென்று பூத்திருந்தன.

"அடேயப்பா!" என்றார். அந்தக் கிருமி அவருக்குப் பழக்கம்தான். ஈரத்தில் வளரும். நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது, நோயாளிகள் இருக்கும் வீடானால் வம்பு. ஆனால் ஒரே வீட்டில் ஐந்து இடத்திலும் இவ்வளவு அடர்த்தியாக அவர் பார்த்ததில்லை. பார்த்த உடனேயே அவர் மனசில் மூன்று பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன.

மறுநாள் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் அவர் இருபத்துமூன்றாம் எண் சமையலறையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். "இந்த வீட்டுல தண்ணின்னு ஒண்ணு வருதான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். "கை கழுவுற பழக்கம் பரம்பரையிலேயே இல்லாதவங்க. இவங்களை உட்கார வச்சு ஆனா ஆவன்னாவிலேருந்து சொல்லிக் கொடுக்கணும். முடிஞ்சா குடும்பத் தலைவரைக் கூப்பிட்டு நானே நாலு வார்த்தை கேக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவியும் சிரித்தார். பிறகு உறையைப் பிரித்தார். பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தி, பட்டியலை இன்னும் கொஞ்சம் கண்ணருகே கொண்டுபோனார்.

"குடும்பத் தலைவரைக் கூப்பிட வேண்டாம்" என்றார் மெதுவாக. "இங்கேயேதான் நிக்கிறார்."

கையலம்பி முதலில் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

"எண் மாறியிருக்கும் மேடம்."

"மாறலை சார். எண் சீட்டு நானே ஒட்டினது" என்றாள் மாதிரி எடுத்த பெண்.

"அப்ப எதிர்வீடு?"

"எதிர்வீடு சுத்தத்துல பதினொண்ணாவது இடம்" என்றார் தலைவி. "நாற்பதுல பதினொண்ணு. நல்ல இடம்."

அன்று வீட்டுக்குப் போன கையலம்பி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையுறையில்தான் கோளாறு என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, விடியற்காலை சட்டைப்பையில் பஞ்சுக்குச்சிகளோடு பூனை மாதிரி சமையலறைக்குள் நுழைந்தார். குழாய்ப்பிடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தது.

"கை கழுவினீங்களா?" என்றாள் மனைவி, கதவோரம் சாய்ந்துகொண்டு.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. கூட்டத்தில் பேசிய பேச்சையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அவள் முழுக்கக் கேட்டாள். வாய்விட்டுச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்; அவளோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் வருவாரு. வண்டி எங்க போய் முட்டினாலும் ரோட்டைத்தான் குறை சொல்வாரு" என்றாள். "நீங்க அந்தப் பொண்ணோட கையுறைய விடுங்க. நம்ம வீட்டுல எல்லாரும் எல்லாத்தையும் தொடறதுக்கு முன்னாடி எதைத் தொடறோம்?"

கையலம்பி குழாயடியைப் பார்த்தார். சோப்புப் பாட்டில் அவரைப் பார்த்தது.

நல்ல பாட்டில்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. காலியாகும் சமயத்தில் கடையிலிருந்து பெரிய பையில் திரவம் வாங்கி அதிலேயே ஊற்றிக்கொள்வார்கள். சீக்கிரம் தீராமல் இருக்கட்டும் என்று அவரே கொஞ்சம் தண்ணீரும் கலப்பார். அந்த நாலு வருஷத்தில் பாட்டிலைக் கழுவியது யார்? கழுவுவதற்கென்றே இருக்கிற பொருளைப் போய்க் கழுவ வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பதினான்கு விதியில் அதற்கு ஒரு வரி இல்லை.

ஒரு சொட்டை எடுத்துப்போய் வளர்த்தார். இரண்டாம் நாள் தட்டு ரோஸ் நிறத்தில் சிரித்தது. அழுத்தும் குழலின் உட்புறத்தைக் கீறி எடுத்ததில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் இருபது விநாடி கணக்காகத் தேய்த்துத் தேய்த்து, அந்தக் கையோடு பலகையையும் துணியையும் ஃபிரிட்ஜையும் தொட்டு ஒரு இடம் விடாமல் கிருமி பூசியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்று எண்ணிக் கொடுத்தவர் அவர்.

மச்சினிக்கு விஷயம் எப்படிப் போயிற்று என்று கேட்கவே வேண்டாம். அக்காவும் தங்கையும் ஒரே வாசலில்தானே நின்று பேசுகிறார்கள். சாயங்காலம் அவள் வீட்டு வழியாகப் போனவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பதினொண்ணாமே! நான் பள்ளிக்கூடத்துலகூட இவ்வளவு நல்ல ரேங்க் வாங்கினதில்ல." அவளுக்கு வாயெல்லாம் பல்.

"நீ என்ன சோப்பு போடுற?" என்று கேட்டார் கையலம்பி. குரலில் கொஞ்சம்கூட கெத்து மிச்சமில்லை.

"கட்டி சோப்புதான். வழுக்கிக் கீழ விழுந்துடும், எடுத்து வைப்பேன். துணியைத் துவைக்கச் சோம்பேறித்தனம் மாமா, அப்படியே வெயில்ல வீசிடுவேன். காய்ஞ்சு அப்பளமாயிடும்." பிறகு அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சரி விடுங்க. உள்ள வந்து டீ குடிங்க. வயிறு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்று அவர் உண்மையைச் சொல்லி உள்ளே போனார். ஒரு பூனை வந்து மடியில் ஏறிக்கொண்டது. இறக்கிவிடலாமா என்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அது தூங்கிவிட்டது.

அவர் சொன்ன பாட்டில் கதையைக் கேட்ட தலைவி, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவரைத் தனியே கூப்பிட்டார். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா இருபத்துமூணை எடுத்துடலாம். முப்பத்தொன்பது வீடும் போதும்."

அந்த ஒரு நிமிஷம் கையலம்பிக்கு ஆசை வராமல் இல்லை. எடுத்துவிட்டால் அந்த அரை மணி நேரப் பேச்சையும் எல்லாரும் காலப்போக்கில் மறந்துபோவார்கள். ஆனால் பதினெட்டு வருஷத்தில் தனக்குப் பிடிக்காத ஒரு தட்டைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை. ரோஸ் தட்டை மட்டும் எந்த முகத்தோடு தூக்கிப் போடுவது?

"இருக்கட்டும் மேடம். மத்த வீடுகள்ல இந்த மாதிரி ஊத்தி ஊத்தி வைக்கிற பாட்டில் எத்தனை இருக்குன்னு கேப்போம்."

கேட்டார்கள். இன்னும் ஒன்பது வீட்டில் இருந்தது. அவற்றில் ஆறு பாட்டில்களில் அதே ரோஸ் கிருமி. யாரும் தேடப் போகாத இடத்தில் ஆராய்ச்சிக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது. அதைக் கூட்டத்தில் படித்துக் காட்டும் பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. அதே பன்னிரண்டு பேர். போன தடவை சிரித்த வாய்கள் இந்தத் தடவையும் தயாராக இருந்தன.

"போன கூட்டத்துல இந்த வீட்டைப் பத்தி நான் சில வார்த்தை சொன்னேன்" என்று ஆரம்பித்தார். "அவங்களுக்குக் கை கழுவுற பழக்கமே இல்லைன்னேன். அது தப்பு. பாவம், கழுவிக் கழுவித்தான் கெட்டுப் போனாங்க." சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேச்சு முடிந்ததும் மாதிரி எடுக்கும் பெண் எழுந்து, நம் ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் இருக்கும் பாட்டிலை எப்போது கழுவினோம் என்று கேட்டாள். அன்று இடைவேளையில் பன்னிரண்டு பேரும் வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு இருநூறு வீடுகள். இந்த முறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்காமல் தானே வீடு வீடாகப் போவதாகக் கையலம்பி கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்தவள், அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"இப்ப வந்துட்டீங்களே சார். எங்க சமையக்கட்டு இருக்குற இருப்பைப் பார்த்தா நீங்க என்ன நினைப்பீங்களோ."

"எங்க வீட்டு அளவுக்கு மோசமா இருக்காதும்மா" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.