பாறைக்கு மறைவான காம்பரா

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரை புது வீடு கட்டியபோது, லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த தோட்டத்துச் சனங்கள் அதற்குக் கண்ணாடி பங்களா என்று பெயர் வைத்தார்கள். கூரை மேசைப் பலகைபோலத் தட்டையாக இருந்தது. பள்ளத்தைப் பார்த்த பக்கம் முழுவதும் சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. துரைசாணியின் தம்பி இங்கிலாந்தில், அவர்களுடைய கிராமத்தில், இதேபோல ஒரு வீட்டைக் கட்டிக் குடியிருந்தான். அதன் படம் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கியது. படத்தில் கண்ணாடிக்கு எதிரே புல்வெளி, அதற்கு அப்பால் ஆப்பிள் மரங்கள், அதற்கும் அப்பால் ஒரு தேவாலயத்தின் கூம்பு. இங்கே கண்ணாடிக்கு எதிரே புல்வெளி. புல்வெளிக்குக் கீழே லயம்.

காளியாயிக்கு அந்த வீட்டில் குசினியில் சமையல் வேலை. பழைய பங்களாவில் குசினி பின்பக்கம் தனியாக இருந்தது. அங்கே முந்தானையை வாயில் வைத்து அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, தட்டோடு உள்ளே போகலாம். புது வீட்டில் குசினிக்கும் கூடத்துக்கும் நடுவே இடுப்புயர மேடை மட்டும்தான்.

"இப்போ நீ தனியே இல்லை, காளியாயி. எல்லாம் ஒண்ணு" என்று துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் மகிழ்ச்சியோடு சொன்னாள். அன்றிலிருந்து காளியாயி அழவில்லை. அழுவதற்கும் ஒரு சுவர் தேவைப்படுகிறது என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

ஆனால் அந்தக் கண்ணாடியால் அவளுக்கு ஒரு நன்மையும் இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றால் லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பராவின் வாசல் தெரிந்தது. வாசலில் அவள் புருசன் சோலைமலை சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நெஞ்சில் சீக்கு. ஹட்டன் ஆஸ்பத்திரியில் காட்டியபோது பால், முட்டை, காலை வெயில் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது வெயில்தான். அதுவும் மத்தியானத்துக்குள் முகில் இறங்கும்வரை. ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்ததும் நிமிர்ந்து பார்ப்பாள். உட்கார்ந்திருக்கிறான். அடுத்த கோப்பை. குனிந்து இருமுகிறான். நிமிரும்வரை அவள் கை தண்ணீருக்குள் அசையாமல் இருக்கும்.

விருந்தாளிகள் வந்தால் கண்ணாடியருகே போய் நின்று மலையைப் பார்ப்பார்கள். பிறகு கண் கீழே லயத்துக்கு இறங்கும். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசைக்குப் போவார்கள். ஒருநாள் துரைசாணி புல்வெளியின் ஓரத்தில் சைப்பிரஸ் கன்றுகளை நடச் சொன்னாள். பங்களாத் தோட்ட வேலை பார்த்த மாயாண்டிக் கிழவர் வரிசையாகக் குழி வெட்டினார்.

"என்னா மாமா, வேலியா?" என்று காளியாயி கேட்டாள்.

"வேலி இல்ல புள்ள, திரை. நம்ம மூஞ்சியப் பார்த்தா துரைசாணிக்குத் தேத்தண்ணி எறங்கலயாம்."

"நம்ம மூஞ்சி இல்ல, ஒங்க மூஞ்சி."

"எம் மூஞ்சிக்கு என்னா கொறச்சல்? ஒங்க அத்தை இதப் பார்த்துத்தானே கழுத்த நீட்டுனா."

"அதான் வெரசாப் போயிச் சேந்துட்டாங்க."

கிழவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். லயத்தின் கடைசிக் காம்பரா அவருடையது. அதன் முன்னால் ஒரு பெரிய பாறை இருந்ததால் பங்களாவிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அதனால் கன்றுகளின் வரிசையும் பாறையோடு நின்றுவிட்டது.

இரண்டு மழைக்காலங்களில் மரங்கள் ஆளுயரம் தாண்டின. லயத்துக்குக் காலை வெயில் மேட்டிலிருந்துதான் இறங்க வேண்டும். இப்போது அது மரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டது. சோலைமலை சாக்கை இழுத்துக்கொண்டு பக்கத்து வாசலுக்கு நகர்ந்தான்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே, புள்ளைங்க தவழுற எடம்" என்றாள் அந்த வீட்டு ராசம்மா. அவன் திரும்பி வந்துவிட்டான்.

"எங்க வாசல்ல நல்லா வெயிலு விழுது. வந்து ஒக்காரச் சொல்லு" என்றார் மாயாண்டி. காளியாயி போய்ச் சொன்னாள்.

"அடுத்தவன் வாசல்ல ஒக்காந்து சாகவா? எனக்குன்னு வாசல் இருக்கில்ல?" என்றான் சோலைமலை. அதற்குப் பிறகு அவன் உள்ளேயே படுத்துக்கொண்டான். கண்ணாடிக்கு முன்னால் நின்ற காளியாயிக்கு, மரக்கிளைகளின் இடுக்கில், வெறும் வாசல்தான் தெரிந்தது.

பங்களாவில் ஒருவர் கண்ணிலும் படாமல் எதையும் செய்ய முடியாது, முகில் இறங்கும் நேரம் தவிர. முகில் வந்து ஒட்டிக்கொண்டால் அவ்வளவு பெரிய கண்ணாடியும் வெள்ளைச் சுவராகிவிடும். அப்படியொரு வேளையில், கேத்தலில் பாத்திரம் கழுவும் சோடாவைக் கரைத்துக் கொதிக்கவைத்து, காளியாயி வெளியே போனாள். தன் வாசலுக்கு நேரே நின்ற மரங்களின் அடியில் ஊற்றினாள். முகில் இறங்கிய நாளிலெல்லாம் ஊற்றினாள்.

மரங்கள் அடியிலிருந்து பழுப்பேறின. மாயாண்டி சுற்றிச் சுற்றி வந்தார். "புழு அடிச்சிருக்குமோ?" என்று அவளிடமே கேட்டார். துரை வந்து குனிந்து பார்த்தார். மண்ணில் உப்புப் பூத்திருந்தது. கிழவன் குடித்துவிட்டு உரத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறான் என்று துரை முடிவுகட்டினார். மாயாண்டியைப் பங்களா வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தேயிலை மலையில் வேலை செய்ய வயது கடந்துவிட்டது; வேலை இல்லாதவருக்குக் காம்பராவும் இல்லை.

அன்று சாயங்காலம் கிழவர் காளியாயியின் வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கொத்மலையில மக வீட்டுக்குத்தான் போகணும். மருமவன் வாசல்ல ஏத்துவானோ என்னவோ. நீ துரைசாணி பக்கத்துலயே நிக்கிறவ. ஒரு வார்த்தை சொல்லு தாயி. மாயாண்டி குடிக்கிறவன் இல்ல, ஒரம் போடலன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன் மாமா" என்றாள்.

சொல்லத்தான் நினைத்தாள். காலையில் மேடேறி வரும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தாள். தான் செய்ததை ஒப்புக்கொள்ளும் தைரியம் இல்லை. அதை அவள் தன்னிடம் மறைக்கவில்லை. கிழவர் குடிக்காதவர் என்று சொல்லலாம். பூச்சி என்று சொல்லலாம். அவ்வளவாவது சொல்லலாம். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

துரைசாணி படத்தின் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "உன் புருசன் சீக்கு, இல்லையா?" என்றாள்.

"ஆமாங்க."

"மாயாண்டி காம்பரா இப்போ காலி. நல்ல வெயில். நான் துரைகிட்டே சொன்னேன். நீ எடுத்துக்கோ."

காளியாயி வாயைத் திறந்தாள். அடுக்கிவைத்த வார்த்தைகள் நாக்கில்தான் இருந்தன. கிழவருக்காகப் பேசினால் காம்பரா அவரிடமே திரும்பிப் போகலாம். அந்த எண்ணம் வந்த வேகத்தை அவள் கவனித்தாள். அது வெளியிலிருந்து வந்ததல்ல. அவளுக்குள் முன்பே எங்கோ காத்திருந்ததுபோல எழுந்து வந்தது. கேத்தலைத் தூக்கிய நாளில், தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அவள் நினைக்கவில்லை. இன்று எல்லாமே தெரிந்துதான் நிற்கிறாள்.

"என்ன, வேண்டாமா?"

"வேணுங்க" என்றாள். "பெரிய உபகாரங்க."

மாயாண்டி ஒரு தகரப் பெட்டியோடு ஹட்டன் பஸ்ஸுக்குப் போனபோது, அவள் பங்களாவில் வெள்ளிக் கரண்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதை கண்ணாடியில் முழுவதும் தெரிந்தது. கிழவர் ஒருமுறை நின்று பெட்டியைத் தோள் மாற்றி வைத்தார். மேலே பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கரண்டிகளைத்தான் பார்த்தாள்.

புதுக் காம்பராவில் சோலைமலை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தான். வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். இருமல் குறையவில்லை, ஆனாலும் அவன் முகம் தெளிந்திருந்தது. அடுப்புக்கு மேலே சுவரில் மாயாண்டி இழுத்திருந்த திருநீற்றுப் பட்டை இன்னும் அழியவில்லை. காளியாயி அதை அழிக்கத் துணியெடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள்.

"அந்த மனுசன் குடிக்கிறவன் இல்ல காளியாயி" என்றான் ஒருநாள். "துரைசாணிகிட்ட நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கு என்னா சொன்னாங்க?"

"கேக்கல."

"பாவம்" என்றான். "நீயாச்சும் சொன்னியே. அது போதும்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கலியாணமான நாளிலிருந்து அவன் பகலில் அவள் கையைப் பிடித்ததில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. எடுக்கவில்லை.

பட்ட மரங்கள் இருந்த இடத்தில் புதுக் கன்றுகள் வந்தன. தண்ணீர் ஊற்றும் வேலையைத் துரைசாணி காளியாயிக்கே கொடுத்தாள். ஒவ்வொரு தரமும் ஊற்றுவதற்கு முன் அவள் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டாள். ஓடைத் தண்ணீர், குளிர்ந்துதான் இருக்கும். இருந்தும் பார்த்தாள்.

பிறகு தொட்டியருகே வந்து கோப்பைகளைக் கழுவுவாள். பழக்கத்தில் நிமிர்வாள். கண்ணாடிக்கு அப்பால் புல்வெளி, கன்றுகள், பாறை. பாறைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருக்கலாம். குனிந்தவன் நிமிராமலும் கிடக்கலாம். சாயங்காலம் கீழே இறங்கிப் போகும்வரை அவளுக்குத் தெரியாது.

"இப்போதான் நல்லாயிருக்கு, இல்லையா?" என்றாள் துரைசாணி, கண்ணாடியருகே நின்று.

"ஆமாங்க" என்று சொல்லி, காளியாயி அடுத்த கோப்பையை எடுத்தாள்.