எல்லாத்தையும் எடுத்து வை

ஐந்து வயது சாலோமிக்கு எந்த வேலையையும் தானே செய்ய வேண்டும். அம்மா கெசியா முற்றம் பெருக்கினால் விளக்குமாற்றைப் பிடுங்குவாள். அரிசி களைந்தால் பானைக்குள் கையை விடுவாள். விரட்டிச் சலித்த கெசியா, அவளுக்குத் தம்பி பிறந்த பிறகு விட்டுப் பார்த்தாள். பாதியைச் சிந்தினாலும் மீதியைப் பிள்ளை ஒழுங்காகவே செய்தது.

பாளையங்கோட்டையில் அன்று பங்குனி வெயில் கொளுத்தியது. அப்பா பாக்கியசீலன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போயிருந்தார். கொல்லையில் துணியும் கூழ்வற்றலும் காய்ந்தன. வேப்பமரத்துச் சேலைத் தொட்டிலில் மூன்று மாதப் பிள்ளை தூங்கியது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கக் கோயில் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். கெசியா குடத்தை இடுப்பில் வைத்தாள்.

“நான் என்னம்மா செய்யணும்?” என்று சாலோமி பின்னாலேயே வந்தாள்.

“தம்பியப் பாத்துக்க. மழை வந்தா வெளிய கெடக்கிறத எல்லாம் உள்ள எடுத்து வச்சிரு.”

மழை வருமென்று கெசியா நினைக்கவே இல்லை.

ஆனால் குடம் நிறைவதற்குள் வானம் இருண்டு, சடசடவென்று கொட்டிவிட்டது. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். தொட்டில் சேலை ஈரம் சொட்டத் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

கெசியா வீட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் வெள்ளைத் துணி தண்ணீரில் மிதந்தது.

அவள் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு வண்டிக்காரர் ஐயம்பெருமாள் ஓடிவந்தார். “பிள்ள… பிள்ள…” என்று கெசியா கையை மட்டும் காட்டினாள். அவர் தலைப்பாகையை எறிந்துவிட்டுக் குதித்தார்.

“அம்மா, நான் சொல்லுதேன்…” சாலோமி முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா கெடட்டி!” கெசியா உதறிய வேகத்தில் சாலோமி சேற்றில் விழுந்தாள்.

ஐயம்பெருமாள் துணியோடு மேலே வந்தார். “வெறுந்துணிதாம் வாத்தியாரம்மா. அடியில பாக்கேன்.” மூச்சை இழுத்து மறுபடி முங்கினார். கெசியா கிணற்றுச் சுவரைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்தாள்.

அவர் தலை மறுபடி தெரிந்ததும் சாலோமி சுவரில் வயிற்றை வைத்து ஏறி, உள்ளே குனிந்து கத்தினாள்: “மாமா! தம்பி அங்கன இல்ல! வீட்டுக்குள்ள இருக்கான்!”

கெசியா பாய்ந்து அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால் இவளும் போயிருப்பாள்.

“என்னட்டி சொல்லுத?”

“நனைஞ்சிரும்லா? அதான் தூக்கிட்டுப் போனேன்.”

கெசியா வீட்டுக்குள் ஓடினாள். அறைக்கதவின் பின்னால் பனையோலையில் முடைந்த பெரிய கடாப்பெட்டி இருந்தது. அதற்குள், காய்ந்த துணிகளின் நடுவே, முகம் மட்டும் தெரியப் பிள்ளை கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கிடந்தான்.

கெசியா பெட்டியருகே உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கித் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்து, மறுபடி பெட்டியிலேயே வைத்தாள். வாசலில் ஐயம்பெருமாள் தண்ணீர் சொட்டச் சொட்ட, “ஆண்டவனே” என்று அப்படியே உட்கார்ந்தார்.

சாலோமி சேறு படிந்த முழங்கையைத் தேய்த்துக்கொண்டே பயந்து பயந்து சொன்னாள்:

“வத்தல எடுக்க முடியலம்மா. தம்பி ரொம்பக் கனமா இருந்தான். துணி ஒண்ணு கெணத்துல பறந்து விழுந்துட்டு. அடிக்காத.”

கெசியா அவளை இழுத்து மார்போடு அணைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

பாக்கியசீலன் செய்தி கேட்டு ஓடிவந்தார். சாலோமிதான் எல்லாவற்றையும் சொன்னாள். தாய் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.