வாய்க்கால் குடித்த நாற்பது நிமிடம்

மின்துறையில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். விழிதியூர் வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று தலைகால் புரியாமல் குதித்தேன். தண்ணீரா அது? காவிரி மொத்தமும் எங்கள் மூன்று பேர் வயலுக்காகவே ஓடிவந்தது!

எங்கள் முறை காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. எனக்கு மூன்று மா நிலம், செல்லையனுக்கு இரண்டு, கடைக்கோடியில் காசியம்மாவுக்கு ஒன்று. ஆறு மணி நேரத்தை அதே விகிதத்தில் மூன்று, இரண்டு, ஒன்று என்று பிரித்தேன். கடைசி வயலுக்கு முதல் தண்ணீர் என்பது எங்கள் வழக்கம். ஆகவே ஆறிலிருந்து ஏழு வரை காசியம்மாவுக்கு. அவருடைய இளம்பயிர் மஞ்சளாகிக் கிடந்தது. அடுத்த முறை வர எட்டு நாள், அதுவரை தாங்காது.

ஆறு மணிக்குத் திறந்துவிட்டோம். காய்ந்த வாய்க்காலில் யானை விழுந்தாலும் காணாமல் போகிற வெடிப்புகள். அத்தனையும் குடித்துவிட்டு, தண்ணீர் அவர் வயலைத் தொட்டபோது ஆறு நாற்பது.

ஏழுக்கெல்லாம் செல்லையன் மண்வெட்டியோடு வந்துவிட்டான்.

"யக்கா, ஒரு மணி முடிஞ்சுது. அடைச்சிடவா?"

"என்னத்தடா முடிஞ்சுது? முக்கா வயலு வாயப் பொளந்துகிட்டு கெடக்கு!" காசியம்மா மடையிலேயே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். "என்னையும் சேத்து வச்சி அடை."

"நானா கணக்குப் போட்டேன்? சார கேளு."

"ஏன் சார், வாய்க்கா குடிச்சது யாரு பங்குல?"

மண்டையில் பதினோராயிரம் வோல்ட் பாய்ந்தது. மூவருக்கும் பொதுவான வாய்க்கால் குடித்ததை அவர் ஒருவர் தலையிலேயே கட்டியிருக்கிறேனே!

"கடைசில வயல வச்சிகிட்டா நாங்களா பொறுப்பு?" என்றான் செல்லையன்.

"நம்ம வயல் வரைக்கும் வாய்க்கால நனைச்சுக் குடுத்தது அவங்க நேரம்தானய்யா!" என்றேன்.

செல்போனில் தட்டினேன். முந்நூற்று அறுபது நிமிடத்தில் நாற்பது போக முந்நூற்று இருபது. அதை ஆறு பங்காக்கினால், பங்குக்கு ஐம்பத்து மூன்று நிமிடம், இருபது செகண்ட்.

"ஆறு நாப்பதுலேருந்து எண்ணு. ஏழு முப்பத்திமூணு வரைக்கும் காசியம்மாவுக்கு."

"எனக்குப் பதிமூணு நிமிஷம் போச்சா!"

"எனக்கு இருபது போச்சு. அழுதேனா?"

தண்ணீர் ஓடியது பாருங்கள், குதிரை தோற்றது! ஏழு முப்பத்து மூன்றுக்குக் கடைசி மூலைப் பயிரும் நனைந்து நின்றது. செல்லையன் மண்ணை வெட்டி எடுத்தான்.

"நில்லு! இருபது செகண்ட் பாக்கி!" என்று கத்தினேன்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலு..."

"மெதுவா எண்ணுடா!" என்றார் காசியம்மா, மடையை விட்டு நகராமல்.